குழுவில் பேசாதவர்கள்

மனைவியைக் கணவன் அடிப்பது எப்போது நியாயம்? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இப்படி ஒரு கேள்வி உண்டு. ஏழு காரணங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, இதற்காக அடிக்கலாமா என்று கேட்பார்கள்: சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், உறவுக்கு மறுத்தால், சமையல் சரியில்லாவிட்டால், நடத்தையில் சந்தேகம் வந்தால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால். 2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்றில், ஆந்திரப் பிரதேசத்தின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 84 பேர் இவற்றில் ஒன்றுக்காவது அடிப்பது சரிதான் என்றார்கள். தெலங்கானாவிலும் அதே 84. கர்நாடகத்தில் பெண்களில் 77, ஆண்களில் 82. இமாசலப் பிரதேசத்தில் இரு தரப்பிலும் 15ஐத் தாண்டவில்லை. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெண்களில் 45, ஆண்களில் 44.

மாணவர்கள் கைபேசியில் பெண்களைப் பற்றி எழுதுவதைப் பேச வந்துவிட்டு இந்த எண்ணிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. கல்லூரியில் ஏதாவது நடந்துவிட்டால், பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் முதலில் எழும் குரல் "எல்லாம் இந்த போனால வந்தது" என்பதுதான். அந்தக் குரலில் வேதனை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்று இருபது வயதாகும் பையன் கையில் போன் வருவதற்கு முன்பே, சோறு குழைந்ததற்கு அடி விழுவதையும் அதை யாரும் தடுக்காததையும் பார்த்திருப்பான். அடி வாங்கியவளே "நான் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது" என்று சொல்லவும் கேட்டிருப்பான். போன் அவனுக்குப் புதிதாகக் கற்றுக் கொடுத்தது கொஞ்சம்தான். வீட்டுக்குள் முணுமுணுப்பாக இருந்ததை வகுப்பு முழுவதும் கேட்கும்படி அது உரக்கச் சொல்ல வைத்தது.

எங்கள் ஊரான பிச்சாட்டூர் ஆந்திரத்தில், ஊத்துக்கோட்டையைத் தாண்டி சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் வழியாகத் திருப்பதிக்குப் போகும் சாலையில் இருக்கும் ஊர். 2022 ஏப்ரல் 4 வரை சித்தூர் மாவட்டம், அதன் பிறகு திருப்பதி மாவட்டம். இங்கே ஆரணியாற்றில் தேக்கும் தண்ணீர் ஊத்துக்கோட்டைப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் போகிறது. பிள்ளைகளும் அப்படித்தான், பாதிப் பேர் புத்தூருக்கும் திருப்பதிக்கும் படிக்கப் போக, மீதிப் பேர் திருவள்ளூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். பல வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் வாட்ஸாப் குழுக்களில் இரண்டு மாநிலத்துச் செய்தியும் வந்து விழும்.

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். சில நாளில் அந்தப் பெண்ணின் விவரங்கள் அடங்கிய எஃப்.ஐ.ஆர். காவல்துறை இணையதளத்திலிருந்து வெளியே வந்து எல்லாக் கைகளுக்கும் போனது. பொறியியல் படிக்கும் ஒரு பையன், உறவுமுறையில் எனக்குத் தம்பி, தன் வகுப்புக் குழுவை எனக்குத் திறந்து காட்டினான். முதலில் அந்த எஃப்.ஐ.ஆர். காப்பி. அதற்குக் கீழே, தெலுங்கை ஆங்கில எழுத்தில் தட்டிய ஒரு வரி: "ஆ டைம்லோ அக்கட ஏம் பனி?" அந்த நேரத்துல அங்க என்ன வேலை? அதன் கீழே சிரிக்கும் முகங்கள். பிறகு இன்னொருவன், அந்த மாணவியோடு இருந்த பையனைப் பற்றிக் கேவலமாக ஒன்று. பிறகு ஒருவன், இவனுங்களை எல்லாம் என்கவுண்டர்ல போடணும் என்று. அதற்கும் கைதட்டல். எழுதியவர்கள் மொத்தம் நாலைந்து பேர். வகுப்பு முழுவதும் குழுவில் இருக்கிறது. மற்றவர்கள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

"நீ என்னடா எழுதின?" என்று கேட்டேன்.

"நான் எதுவும் எழுதலண்ணா. எழுதினா நம்மள ஓட்டுவானுங்க."

இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது. அந்த நாலைந்து பேரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் பேசாமல் நகரும் பெரும்பாலோரைப் பற்றி நாம் போதிய அளவு யோசிக்கவில்லை.

அதற்கு முன் அந்த நாலைந்து பேர் எழுதியது என்ன வகைச் சரக்கு என்று பார்த்துவிடலாம். 1980இல் மார்த்தா பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் மினசோட்டா மாநிலத்தில் 598 பேரிடம் நடத்திய ஆய்வு இந்தத் துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. வன்புணர்வைப் பற்றி மக்கள் கேள்வி கேட்காமல் நம்பும் பொய்களை அவர் பட்டியலிட்டு, யார் எவ்வளவு நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை வேறு எதனோடு சேர்ந்து வருகிறது என்று அளந்தார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பொய்களை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். அவளே தேடிக்கொண்டாள், அவன் வேண்டுமென்று செய்யவில்லை, நடந்தது வன்புணர்வே இல்லை, அவள் பொய் சொல்கிறாள். எங்கள் பக்கத்துக் குழுக்களில் ஒரு வாரம் வரும் செய்திகளை எடுத்து வைத்தால் இந்த நான்குக்குள் அடங்காதது அநேகமாக இருக்காது. அமெரிக்காவில் அளந்தது பிச்சாட்டூருக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பர்ட் கண்டதில் ஒன்று நமக்கு நேராக வந்து பொருந்துகிறது. இந்தப் பொய்களை நம்புகிறவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல அவர் அளந்த மனப்போக்குகளில் எல்லாவற்றையும்விட வலுவாக உதவியது, மனிதருக்குள் அடிதடி சகஜம், சில சமயம் அது தேவையும்கூட என்ற எண்ணம்தான். சமையல் சரியில்லை என்றால் அடிக்கலாம் என்று ஒத்துக்கொள்ளும் மனத்துக்கும், இரவில் வெளியே போனவள் பட்டுத்தான் ஆக வேண்டும் என்று எழுதும் விரலுக்கும் நடுவே நீண்ட தூரம் இல்லை. இரண்டிலும் பெண் ஒரு விதியை மீறியிருக்கிறாள், தண்டனை கிடைக்கிறது. அந்த 84ஐ நான் முதலில் வைத்தது இதற்காகத்தான்.

"அங்க என்ன வேலை" என்ற கேள்விக்கு ஆந்திரத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1978 மார்ச்சில் ஹைதராபாத்தின் நல்லகுண்டா காவல் நிலையத்தில் ரமீஸா பீ என்ற இளம்பெண் காவலர்களால் வன்புணர்வு செய்யப்பட்டார். அவருடைய கணவர் அகமது உசேன் அடித்தே கொல்லப்பட்டார். நகரம் கொந்தளித்தது, காவல் நிலையத்தின் முன் கூடிய மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசு நியமித்த நீதிபதி முக்தாதர் ஆணையம் காவலர்கள் குற்றவாளிகள் என்றது. ஆனால் ஆணையத்தின் முன்பும், பிறகு வழக்கிலும், காவலர் தரப்பு திரும்பத் திரும்பக் கிளறியது அந்தப் பெண்ணின் நடத்தையைத்தான்: எத்தனை திருமணம், எங்கே வாழ்ந்தாள், என்ன தொழில். வழக்கு கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கு மாற்றப்பட்டு, 1981இல் குற்றம்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

அப்போது சட்டமே அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்திருந்தது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 155ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, புகார் கொடுத்த பெண் ஒழுக்கமற்றவள் என்று காட்டி அவள் சாட்சியத்தைக் குலைக்க எதிர்த்தரப்புக்கு உரிமை தந்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2002இல்தான் அதை நீக்கினார்கள். 2013இல் நீதிபதி வர்மா குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த திருத்தம், பெண்ணின் முந்தைய பாலியல் வாழ்க்கை சம்மதம் குறித்த கேள்விக்குச் சம்பந்தமே இல்லாதது என்று எழுதி வைத்தது. 2021 மார்ச்சில் அபர்ணா பட் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண்ணின் உடை, நடத்தை பற்றிய விமரிசனத்தை நீதிபதிகளே தீர்ப்பில் எழுதக் கூடாது என்றது. 2023 ஆகஸ்டில் இதற்கென்று நீதிபதிகளுக்கு ஒரு கையேடும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும், அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட விதமே அவரைக் குறை சொல்வதுபோல் இருக்கிறது என்று 2024 டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டி வந்தது. விவரம் வெளியானதற்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும், மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட குழு விசாரிக்கவும் உத்தரவிட்டது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஐந்து மாதத்தில் வழக்கு முடிந்தது பெரிய விஷயம். ஆனால் நீதிமன்றம் கண்டித்த அந்தத் தொனியை, கண்டிப்பதற்குச் சில நாள் முன்பே ஆயிரக்கணக்கான மாணவர் குழுக்கள் அந்த எஃப்.ஐ.ஆரோடு சேர்த்து விழுங்கியிருந்தன. தீர்ப்பு அந்தக் குழுக்களுக்குள் அதே வேகத்தில் போகவில்லை. என் தம்பியின் குழுவில் தீர்ப்பு பற்றி யாரும் எதுவும் போடவில்லை.

அந்தக் குழுவில் மூன்றாவதாக வந்த குரலையும் கவனிக்க வேண்டும், என்கவுண்டரில் போடணும் என்றது. மேலோட்டமாக அது பெண் பக்கம் நிற்பதுபோல் தெரியும். 2019 நவம்பர் 27 இரவு ஹைதராபாத் அருகே ஷம்ஷாபாத்தில் ஒரு கால்நடை மருத்துவர் வன்புணர்வுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். டிசம்பர் 6 விடியற்காலையில் பிடிபட்ட நான்கு பேரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. சுட்ட இடத்தில் காவலர்கள் மேல் மக்கள் பூத்தூவினார்கள். கல்லூரிப் பேருந்திலிருந்து மாணவிகள் கையசைத்து ஆர்ப்பரித்தார்கள். அந்த ஆர்ப்பரிப்பை நான் இழிவாகப் பேச மாட்டேன். தினமும் பயந்து பயந்து பேருந்து ஏறுகிறவர்களின் ஆர்ப்பரிப்பு அது. ஆனால் பின்னால் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், 2022 மே மாதம் வெளியான அறிக்கையில், போலீஸ் சொன்ன கதை ஜோடிக்கப்பட்டது, கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்றது. இறந்தவர்களில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டது.

அந்த என்கவுண்டர் நடந்த நாட்களில்தான் ஆந்திரச் சட்டமன்றம் திஷா மசோதாவை நிறைவேற்றியது, 2019 டிசம்பர் 13 அன்று. வலுவான ஆதாரம் உள்ள வழக்கில் ஏழு வேலை நாளில் புலனாய்வு, பதினான்கு வேலை நாளில் விசாரணை, மரண தண்டனை வரை. அதே மசோதாவில் கவனம் பெறாத ஒரு பிரிவும் இருந்தது: இ-மெயிலிலும் சமூக ஊடகத்திலும் பெண்ணைத் தொந்தரவு செய்தால் முதல் முறை இரண்டு ஆண்டு, மறுமுறை நான்கு ஆண்டு சிறை. மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. திஷா என்ற பேரில் காவல் நிலையங்களும் செயலியும் வந்தன, சட்டம் வரவில்லை. அது பேசப்பட்ட நாட்களில் மாணவர்களிடையே ஓடிய பேச்சு தூக்கைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும்தான். தாங்கள் தினமும் செய்யும், அல்லது தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு காரியமும் அந்த மசோதாவில் குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது யார் கண்ணிலும் படவில்லை.

அப்படிப் படாமல் போனதற்கு ஒரு காரணம், குற்றவாளி என்றால் லாரி ஓட்டி வந்த யாரோ, இருட்டில் நின்ற யாரோ என்று மனத்தில் பதிந்திருக்கும் உருவம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டு கணக்கில் வன்புணர்வு வழக்குகள் 31,677. அவற்றில் 96.5 விழுக்காட்டில் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்: குடும்பத்தார், அண்டை வீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர், இணையத்தில் பழகியவர். தெரியாத ஒருவனைச் சுடச் சொல்வது எளிது. தெரிந்தவனாக, தன் குழுவிலேயே இருப்பவனாக இருந்துவிட்டால் அதே வாய் முதல் கேள்விக்குத் திரும்பிவிடுகிறது. "அங்க என்ன வேலை" என்பதும் "சுட்டுத் தள்ளு" என்பதும் ஒரே குழுவில், சில சமயம் ஒரே ஆளிடமிருந்து, ஐந்து நிமிட இடைவெளியில் வருவது இதனால்தான். இரண்டுமே, நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று பார்க்க விடாமல் செய்கின்றன.

நாம் செய்வது என்ன என்பதற்குப் பொள்ளாச்சியை நினைத்துப் பார்க்கலாம். 2019 பிப்ரவரி 24 அன்று ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்ததிலிருந்து வெளிவந்த வழக்கு. பழகி, நம்ப வைத்து, வீடியோ எடுத்து, அதைக் காட்டியே மீண்டும் மீண்டும் மிரட்டுவது அந்தக் கும்பலின் வேலை. மார்ச் மாதம் ஒரு பெண் கதறும் காட்சி வெளியாகி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. எத்தனையோ கல்லூரிகளில் மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அந்தப் போராட்டம் இல்லாவிட்டால் வழக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பதே என் எண்ணம். ஆனால் அந்தப் பதிவைக் கேட்டவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது? ஒவ்வொருவருக்கும் வேறொருவர் அனுப்பியதுதான். அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கோபத்தில்தான் அனுப்பினார்கள். அந்தப் பெண்ணின் கதறல் அவருடைய அனுமதியின்றி ஊர் ஊராகப் போவதைத் தடுக்க அந்தக் கோபம் உதவவில்லை. காவல்துறை அதிகாரியே புகார்தாரரின் பேரைப் பத்திரிகையாளர் முன் சொன்னார். அரசாணையிலும் பேர் வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்காக 25 லட்சம் தரச் சொன்னது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்தது. சாட்சி சொன்ன பெண்கள் ஒருவரும் பின்வாங்கவில்லை. அவர்களின் உறுதிதான் அந்த வழக்கு.

இப்போது பேசாதவர்களிடம் வருகிறேன்.

2020 மே மாதம் டெல்லியில் பள்ளி மாணவர்களின் இன்ஸ்டாகிராம் குழு ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. பாய்ஸ் லாக்கர் ரூம் என்று பேர். தங்களுக்குத் தெரிந்த பெண் பிள்ளைகளின் படங்களை, சிலர் 18 வயதுக்கும் கீழ், எடுத்துப் போட்டு, அவர்கள் உடலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். பெண்கள்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்பலப்படுத்தினார்கள். அதோடு சேர்ந்து, கூட்டு வன்புணர்வுக்குத் திட்டம் போடும் ஒரு ஸ்னாப்சாட் உரையாடலும் சுற்றியது. சில நாள் கழித்து டெல்லி போலீஸ் ஒன்றைச் சொன்னது: அந்த உரையாடல் லாக்கர் ரூம் குழுவைச் சேர்ந்ததே அல்ல, ஒரு பெண் ஆண்பிள்ளைப் பேரில் போலிக் கணக்கு தொடங்கி, தன்னைப் பற்றியே அப்படி எழுதி, ஒரு பையன் என்ன பதில் சொல்கிறான் என்று சோதித்திருக்கிறாள். உடனே "பாத்தியா, பொண்ணுதான் செஞ்சிருக்கா" என்று ஒரு கூட்டம் கிளம்பியது, லாக்கர் ரூம் முழுவதுமே பொய் என்பதுபோல. மேலே சொன்ன நான்கு பொய்களில் கடைசிப் பொய். ஆனால் போலீஸ் சொன்னதில் யாரும் எடுத்துப் பேசாத இன்னொன்று இருந்தது. அந்தப் பையன் அந்தத் திட்டத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்களிடம் காட்டினான். அந்த வாரம் முழுக்க தேசமே டெல்லிப் பையன்களைப் பற்றிப் பேசியபோது, முடியாது என்று சொன்ன அந்த ஒருவன் யாருக்கும் தேவைப்படவில்லை.

எத்தனை பேர் அவனைப்போல இருக்கிறார்கள்? இதை அளக்க உளவியலாளர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு கேள்வி கேட்பார்கள். நீ என்ன நினைக்கிறாய்? உன்னைச் சுற்றி இருப்பவர்கள் என்ன நினைப்பதாக நினைக்கிறாய்? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரெண்டிஸும் டேல் மில்லரும் 1993இல் குடிப்பழக்கம் பற்றி இப்படிக் கேட்டார்கள். வளாகக் குடி தனக்கு அவ்வளவாக உவப்பில்லை, ஆனால் மற்றவர்களுக்கு உவப்புதான் என்று மாணவர்கள் சொன்னார்கள். எல்லோருமே அப்படிச் சொன்னால் அந்த மற்றவர்கள் யார்? 2003இல் மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பெண்ணின் சம்மதம் பற்றிக் கேட்டபோதும் இதே கதை. சம்மதம் முக்கியம் என்று தாங்கள் கருதும் அளவுக்கு மற்ற ஆண்கள் கருதுவதில்லை என்று மாணவர்கள் தவறாக எண்ணியிருந்தார்கள். ஒருவன் தடுக்க முன்வருவானா என்பது, மற்றவர்களும் முன்வருவார்கள் என்று அவன் நம்புகிறானா என்பதோடு பிணைந்திருந்தது.

எல்லோர் மனமும் சுத்தம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 1981இல் நீல் மலமூத் தொகுத்த ஆய்வுகளில், பிடிபட மாட்டோம் என்று உறுதியானால் வன்புணர்வு செய்ய ஓரளவேனும் வாய்ப்புண்டு என்று நூற்றுக்கு 35 ஆண் மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த எண் என்னைத் தூங்க விடாத எண்களில் ஒன்று. ஆனால் மீதி 65 பேர் அறவே இல்லை என்றவர்கள். அந்த 65 பேர் குழுவில் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இணையம் அவர்களை மறைத்துவிடுகிறது. நேரில் ஒருவன் அசிங்கமாகப் பேசினால், பக்கத்தில் இருப்பவன் முகம் சுளிப்பதும் பார்வையைத் திருப்புவதும் அவனுக்குத் தெரியும். குழுவில் முகம் சுளிப்பது தெரியாது. தெரிவது சிரிக்கும் முகங்கள் மட்டும், அதுவும் போட்டவர்களுடையது. படித்துவிட்டு வயிறு கலங்கிப் போனை மடக்கி வைத்தவனின் மௌனமும், ரசித்துப் படித்தவனின் மௌனமும் ஒரே மாதிரி. இதோடு இன்னொன்று: 2021இல் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பிரேடியும் மோலி கிராக்கெட்டும் ட்விட்டரில் 7,331 பேரின் சுமார் 1 கோடியே 27 லட்சம் பதிவுகளை ஆராய்ந்து, ஆவேசமாக எழுதியதற்கு லைக்கும் பகிர்வும் கிடைத்தவர்கள் அடுத்தடுத்து இன்னும் ஆவேசமாக எழுதப் பழகுகிறார்கள் என்று காட்டினார்கள். கைதட்டல் வாங்கிய நாலு பேர் நாளுக்கு நாள் உரத்துப் பேச, மற்றவர்கள் நாளுக்கு நாள் ஒதுங்க, சில மாதத்தில் அந்த வகுப்பின் மனமே அதுதான் என்று எல்லோரும், அந்த நாலு பேர் உட்பட, நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். முதலாண்டு சேரும் பையன் அதைப் பார்த்துத்தான் கல்லூரி என்றால் இப்படித்தான் பேச வேண்டும் என்று கற்றுக்கொள்கிறான்.

பெண்கள்? வகுப்புக் குழுவில் அவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதாததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. ஆந்திரத்தில் 2019-21 கணக்கெடுப்பின்போது இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 21 பேர்; ஆண்கள் 49 பேர். 2023இல் நாட்டின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஏசர் ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் சொந்தப் போன் வைத்திருப்பவர்கள் 43.7 விழுக்காடு, பெண்களில் 19.8. பெண் பிள்ளையின் போன் பல வீடுகளில் அண்ணன் போன், அப்பா போன். குழுவில் ஒரு சண்டை வந்தால், இரவு அந்தச் சண்டையை வீட்டில் வேறு யாராவது படிப்பார்கள். அதன் பிறகு அவளுக்குப் போன் இருக்காது. சில வீடுகளில் கல்லூரியும் இருக்காது. புகார் கொடுத்தால் படிப்பு நின்றுவிடும் என்ற கணக்கு எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மனப்பாடம்.

ஆனாலும், இதே இணையத்தில்தான் 2021 மே மாதம் சென்னையின் பத்ம சேஷாத்ரி பால பவன் பள்ளியின் பழைய மாணவிகளும் படித்துக்கொண்டிருந்தவர்களும் ஓர் ஆசிரியரைப் பற்றித் தங்களுக்கு நேர்ந்ததை இன்ஸ்டாகிராமில் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒரே நாளில் அது வழக்காகி, அவர் கைதானார். வேறு பள்ளிகளின் மாணவிகளும் தொடர்ந்து பேசினார்கள். வருடக்கணக்கில் தனக்கு மட்டும்தான் என்று நினைத்தவர்கள், இன்னொருத்தி சொன்னதும் தானும் சொன்னார்கள். பேசாதவர்களை மறைக்கும் அதே கருவி, யாராவது ஒருவர் முதலில் வாய் திறந்துவிட்டால், எத்தனை பேர் இருந்தோம் என்று ஒருவருக்கொருவர் காட்டியும் விடுகிறது.

இதை ஆண்கள் விஷயத்திலும் செய்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. சவூதி அரேபியாவின் ரியாத்தில் சுமார் 500 இளம் கணவர்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்து, பெண்கள் வெளியே வேலைக்குப் போகலாமா என்று ரகசியமாகக் கேட்டார்கள். 87 விழுக்காட்டினர் போகலாம் என்றார்கள். ஆனால் இந்த அறையில் எத்தனை பேர் அப்படிச் சொல்வார்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் குறைவாகவே மதிப்பிட்டார்கள். பாதிப் பேருக்கு உண்மை எண்ணைச் சொன்னார்கள். மனைவியை வேலைவாய்ப்புச் செயலியில் பதிய விருப்பமா என்று பிறகு கேட்டபோது, எண் தெரியாதவர்களில் 23 விழுக்காட்டினர் பதிந்தார்கள், தெரிந்தவர்களில் 32. யாரும் அவர்களுக்குப் பெண்ணுரிமை பற்றி வகுப்பெடுக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று மட்டும் சொன்னார்கள். 2020இல் இது வெளியானது.

வகுப்பெடுத்தும் பார்த்திருக்கிறார்கள், நம் நாட்டிலேயே. ஹரியானாவின் நான்கு மாவட்டங்களில் ஆய்வுக்கு எடுத்த 314 அரசுப் பள்ளிகளில் 150இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு, ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இரண்டரை ஆண்டு, சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பாடவேளை, ஆண் பெண் சமத்துவம் பற்றிப் பேச வைத்தது. திவா தர், தருண் ஜெயின், சீமா ஜெயச்சந்திரன் மூவரும் சுமார் 14,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பிற்போக்கான எண்ணங்களில் ஏறக்குறைய ஆறில் ஒன்று மாறியது. திட்டம் முடிந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகும் அந்த மாற்றம் நிலைத்தது. பையன்கள் வீட்டு வேலை செய்யத் தொடங்கினார்கள். பெண்களின் எண்ணம் மாறினாலும் நடத்தை அந்த அளவுக்கு மாறவில்லை, ஏனென்றால் அவர்கள் என்ன செய்யலாம் என்பதை முடிவு செய்பவர்கள் வேறு ஆட்கள். ஆறில் ஒன்று கொஞ்சம்தானே என்று தோன்றலாம். நாற்பது பையன்கள் உள்ள வகுப்பில் ஆறேழு பேர் உண்மையாகவே மாறினால், குழுவில் அந்த நாலைந்து பேரைவிட அவர்கள் அதிகம்.

கல்லூரிகளுக்குச் சட்டப்படி ஒரு கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் பாலியல் தொந்தரவுப் புகார்களுக்கு உள்விசாரணைக் குழு வேண்டும். விஷயம் மாணவர்கள் தொடர்பானது என்றால் தேர்தல் வழியாக வந்த மூன்று மாணவர்களும் அதில் இருக்க வேண்டும். எத்தனை கல்லூரியில் அந்தத் தேர்தல் நடக்கிறது என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால், அப்படி ஒரு தேர்தல் இருப்பதையே நான் சொல்லித்தான் கேள்விப்படுகிறார்கள். சுவரில் குழு உறுப்பினர் பேர்ப் பலகை இருக்கும், அதில் மாணவர் பேர் இருக்காது. 2024 ஆகஸ்ட் 29 இரவு கிருஷ்ணா மாவட்டம் குட்லவல்லேரு பொறியியல் கல்லூரியில், விடுதிக் குளியலறையில் ரகசிய கேமரா என்ற செய்தி பரவி மாணவிகள் விடிய விடியப் போராடினார்கள். ஆய்வு செய்ததில் கேமரா எதுவும் கிடைக்கவில்லை என்று போலீஸ் அறிவித்தது. வதந்திதானே என்று கடந்துபோனவர்கள், அத்தனை பெண்கள் ஏன் ஒரே இரவில் நம்பினார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் போய்ச் சொல்ல, தாங்களே தேர்ந்தெடுத்த ஒருத்தி அந்தக் குழுவில் இருந்திருந்தால் அவர்கள் முதலில் அவளிடம் போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஜூனில் அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது புத்தூர், திருப்பதி, திருவள்ளூர்க் கல்லூரிகள் இரண்டு காரியம் செய்ய முடியும், செலவில்லாமல். அந்தத் தேர்தலை நடத்துவது ஒன்று. இன்னொன்று, முதல் வாரத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் பேரில்லாத தாளில் இரண்டு கேள்வி. வகுப்புக் குழுவில் ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமாக எழுதினால் உனக்குப் பிடிக்குமா? உன் வகுப்பில் எத்தனை பேருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறாய்? தாள்களை அங்கேயே எண்ணி, இரண்டு விடைகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட வேண்டும். அந்த எண்களை ஆசிரியர் விளக்க வேண்டாம். தம்பியிடம் இதைச் சொன்னேன். எங்க கிளாஸ்ல பிடிக்கும்னு சொல்றவன் பத்துப் பேருக்கு மேல இருக்க மாட்டான்ணா என்றான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆனா நான் முப்பதுன்னுதான் எழுதியிருப்பேன் என்றான்.